அண்ணிக்குப் பக்கத்தில் இடமில்லை

முதலாமாண்டு நினைவுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கு வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். சிலருக்கு உறைக்கும், உறைக்கட்டும்.

அண்ணன் பிறந்தது முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள நம் குப்பத்தில். அப்பாவைக் கடலில் இழந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. வலை இழுத்தே எனக்குத் திருமணம் செய்து வைத்தார். பொய் பேச மாட்டார், யாரிடமும் குழைய மாட்டார். அந்தக் குணம்தான் அவரை ஊருக்கு ஆகாதவராக்கியது.

முகத்துவாரம் மழைக்காலத்தில் தானாகத் திறக்கும், கோடையில் மணல் மூடிவிடும். மூடினால் உள்ளே கட்டிய படகுகள் கடலுக்குப் போக முடியாது. இருபுறமும் கல் கொட்டி, வருடம் முழுக்கத் திறந்திருக்கும்படி வெட்டித் தருவதாக ஒப்பந்தக்காரர்கள் வந்து சொன்னார்கள். ஊர்க்கூட்டம் வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தது. அண்ணன் ஒருவர்தான் எழுந்தார்.

"கல்லு கொட்னா மணலு தெக்காலயே நின்னுடும். வடக்கால கீற நமக்கு இன்னா வரும்? கடல்தான் வரும்."

ஊர் முடிவை எதிர்த்ததற்காக அவரைத் தள்ளி வைத்தார்கள். அவரோடு யாரும் கடலுக்குப் போகக் கூடாது, அவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது. கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். கல் கொட்டுவதற்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட என் கணவரை விரட்டி அனுப்பியவள் நான்தான். அண்ணி இறந்தபோதும் வாசலோடு திரும்பிவிட்டேன். கடற்கரை இடுகாட்டில் அண்ணன் தானே குழி வெட்டி அவரைப் புதைத்தார்.

பிறகு கோவிலம்பாக்கத்தில் வாடகைக்குக் குடியேறி, மேடவாக்கம் வரை வண்டியில் மீன் விற்றார். குப்பத்துப் பக்கமே போகவில்லை. இங்கே குப்பத்தில் கல் கொட்டி முடித்ததிலிருந்து வருடா வருடம் மணல் போனது. முதலில் வலை உலர்த்தும் இடம், பிறகு முன்வரிசை வீடுகள், கடைசியில் இடுகாடு.

அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகுதான் அவரைப் பார்க்கப் போனேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னை அவ பக்கத்துல வெச்சிடும்மா."

சரி என்றேன். இடுகாடு இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எரிவாயுத் தகன மேடையில்தான் முடித்தோம்.

அண்ணனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டு பாயையும், அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த பாயின் மனைவியையும் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். அவர்களுக்கு நன்றி.

ஊர்ப் பெரியவர்கள் தகனத்தன்று ஆளுயர மாலையோடு வந்து, அண்ணன் சொன்னதுதான் சரி என்று என் காதில் சொன்னார்கள். கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்ல இன்னும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெரியவர்களே, உங்களுக்கு என் நன்றி கிடையாது. அடுத்த வருடம் மாலை வாங்கினால் இங்கே கொண்டுவராதீர்கள். அண்ணியைப் புதைத்த இடத்தில் இப்போது இடுப்பளவு தண்ணீர். அதில் இறங்கிப் போய்ப் போடுங்கள். நானும் வருகிறேன்.