தையல் ஓரமாக வெட்டியவர்

கிடங்கில் எல்லோரும் அவரைக் கத்திரியார் என்றுதான் கூப்பிட்டார்கள். செல்போனில் பார்த்து வாங்கியவர்கள் அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் துணிகள் பின்பக்க ஷெட்டில் வந்து குவியும். அவற்றைச் சரிபார்த்து, தேய்த்து, மறுபடி உறையில் போடுவதைவிடப் புதிதாகத் தைப்பது மலிவாம். அதனால் யாரும் உடுத்த முடியாதபடி வெட்டிப் போட வேண்டும். சட்டை என்றால் மார்பில் குறுக்காக ஒரு வெட்டு, பேண்ட் என்றால் தொடையில் ஒன்று. அதுதான் அவர் வேலை.

பன்னிரண்டு வருடமாக வெட்டினார். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, வாய்ச்சண்டை கிடையாது. ஆனால் வெளியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "துணி செக்‌ஷன்" என்று முடித்துக்கொள்வார். மனைவியிடமும் அவ்வளவுதான் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் முன்னறையில் மிஷின் போட்டு, ஜிப் மாற்றுவதும் பேண்ட் நீளம் குறைப்பதுமாக இருந்தார்.

வெட்டிய மூட்டைகளை லாரி ஏற்றிப் போய்க் குப்பை மேட்டில் கொட்டும். அங்கே அவ்வப்போது எரிப்பார்கள். பாலியஸ்டர் புகை அவர்கள் தெருவரை வரும். கொடியில் காயும் துணியெல்லாம் கரும்புள்ளியாகிவிடும்.

ஒருநாள் லாரியிலிருந்து விழுந்த சட்டை ஒன்றை மனைவி எடுத்து வந்தார். விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. மார்பில் நீள வெட்டு.

"இங்க பாருங்க, புத்தம்புதுசு! எந்தக் கிறுக்கன் இப்படிப் பண்ணினானோ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "நான்தான்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. மனைவி கோபப்படுவார் என்று காத்திருந்தார். அந்த அம்மாளோ சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வெட்டித்தான் ஆகணும். ஆனா நட்டநடுவுல ஏங்க வெட்டறீங்க? தையல் ஓரமா வெட்டினா துணியாவது முழுசா மிஞ்சுமே!"

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் இது தோன்றவே இல்லையே!

மறுநாளே மாற்றி வெட்டினார். கை தனி, முதுகு தனி, முன்பக்கம் தனி. கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடித்தது. மூன்றாம் நாள் மேனேஜர் வந்து நின்றார்.

"என்னய்யா இது, புது ஸ்டைலா?"

"யாரும் போட முடியாதபடி வெட்டணும்னுதானே சார் உத்தரவு? போட்டுப் பாருங்க."

மேனேஜர் தனியாகக் கிடந்த சட்டைக் கை ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கத்திரியார் கேட்டார்: "சார், குப்பைக்குப் போறதுதானே? துண்டுங்களை நான் எடுத்துக்கட்டுமா?"

"கம்பெனி லேபிள் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது."

"லேபிளையெல்லாம் பிரிச்சு டப்பால போட்டு உங்க மேஜையிலயே வெச்சிடறேன்."

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனார் மேனேஜர். பதில் வர இரண்டு மாதம் ஆனது. ஆனால் சரி என்றே வந்தது.

அதன்பிறகு அந்த வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. பருத்தித் துண்டுகள் போர்வையாயின, ஜீன்ஸ் துண்டுகள் கைப்பைகளாயின. எதற்கும் ஆகாத பொடித்துணி மெத்தைக்குள் போனது. அடுத்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தங்கள் மிஷினோடு வந்து சேர்ந்தார்கள். நிறம் பொருத்துவதில் மட்டும் மூவருக்கும் ஒத்துப்போகாது. பஞ்சாயத்துக்குக் கத்திரியாரைக் கூப்பிடுவார்கள். அவர் எந்தப் பக்கம் சொன்னாலும் மற்ற இருவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

லாரி இன்னும் போகத்தான் செய்கிறது. வந்து குவிவதில் அவர்களால் தைக்க முடிவது கொஞ்சம்தான். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் வாரத்துக்கு மூன்று நடை போன வண்டி இப்போது சில வாரங்களில் இரண்டு நடைதான் போகிறது.

போன வாரம் புதிதாகக் குடிவந்தவர், "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

"உட்காருங்க, சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் கத்திரியார்.