துணியில் சேர்ந்த பதினோரு கற்கள்

ஆஸ்பத்திரிகளை நான் நம்பியதே இல்லை. மிளகு எடை போடுகிற தராசையே இரண்டு தடவை குனிந்து பார்ப்பவன் நான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் தலையாட்டிவிடுவேனா? ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் வலது விலாவுக்குக் கீழே வந்த வலி, மலைமேல் இருக்கிற எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து என்னைப் பஸ் ஏற்றி சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. சிறுநீரகத்தில் கல். உடம்பை அறுக்காமல், வெளியிலிருந்தே மெஷினால் அடித்து உடைத்தார்கள்.

இரண்டு நாள் ரத்தமும் பொடியுமாகப் போனது. மூன்றாம் நாள் எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கீழ் ஓரத்தில் ஒரு துணுக்கு மிச்சம் இருக்கிறதாம்.

“தண்ணி நெறையக் குடிங்க. ஒன்னுக்குப் போறதைத் துணியில வடிகட்டி, கல்லு வந்தா எடுத்து வைங்க. மூணாம் மாசம் கட்டாயம் வந்து படம் எடுக்கோணும். வலி இல்லீன்னா கல்லும் இல்லீன்னு நெனச்சுக்காதீங்க. சில சமயம் வலியே காட்டாம குழாயை அடைச்சுக்கும். அப்புறம் கிட்னியே போயிருமுங்க.”

வலித்தாலும் வா, வலிக்காவிட்டாலும் வா. இதைவிட நல்ல வியாபாரம் உண்டா என்று எனக்குப் பட்டது. நான் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்று துணுக்கை வேண்டுமென்றே விட்டுவைத்தார்களோ என்றுகூட யோசித்தேன். ஊர் திரும்பும்போது எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இதில் விழாத கல் வேறு எதில் விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வடிகட்டுவதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. டாக்டர் சொன்னதற்காக அல்ல, அவரை மடக்க எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டேன். மக்கில் பிடித்து, துணியில் ஊற்றிப் பார்த்துவிட்டு, நானே அலசுவேன். கொடியில் காயப் போட்டால் என்ன துணி என்று யாராவது கேட்பார்கள், வெட்கக்கேடு. வீட்டுக்குப் பின்னால் நாங்கள் சாமைக் கதிர் அடிக்கிற பாறை இருந்தது. அதன் ஓரத்தில், ஆள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஈரத் துணியை விரித்துவிட்டு வருவேன்.

நாலாம் நாளில் முதல் கல் கிடைத்தது. பழுப்பு நிறம், கடுகில் பாதி. அதைக் காலி மாத்திரை பாட்டிலில் போட்டு வைத்தேன். பிறகு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், மூன்று மாதம் முடிவதற்குள் பதினோரு கல் சேர்ந்துவிட்டன.

மனைவி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, டாக்டர் சொன்ன கெடு வந்துருச்சுங்க. ஒரு எட்டு போயிட்டு வந்தர்லாமுங்க.”

“எதுக்கு? ஒரு துணுக்குன்னான். பதினொன்னு வந்துருச்சு. இன்னும் உள்ள என்ன மலையா இருக்குது?”

“வந்துருந்தா நல்லதுதானுங்க. படத்துலயும் பாத்துட்டா மனசு ஆறிப்போயிருமுங்க.”

அவள் விடுவதாக இல்லை. எனக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்தது. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வராந்தாவில் நின்று டாக்டரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தவள்தானே? “அவன் உங்கிட்ட என்ன சொல்லி அனுப்பிச்சான்? நீ எனக்குப் பொண்டாட்டியா, அவனுக்குத் தரகுக்காரியா?” என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து மிளகு மூட்டையோடு சேலம் போன ஒரு நாளில், அந்த டாக்டரிடம் பாட்டிலைக் காட்டி நாலு வார்த்தை கேட்காமல் வரக்கூடாது என்று தோன்றியது. அதற்காகத்தான் போனேன். மேஜை மேல் கொட்டினேன். அவர் ஒரு கல்லை இடுக்கியில் பிடித்து அழுத்தினார். உடையவில்லை. இன்னொன்றை எடுத்து அழுத்தினார், அதுவும் உடையவில்லை.

“இது உங்க ஒடம்புல இருந்து வந்ததில்லீங்க. ஏதோ பாறைப் பொடியாட்ட இருக்குது. இப்பவே ஒரு ஸ்கேன் பாத்துரலாமுங்க.”

கற்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என் சாட்சியையே பொய்யாக்கப் பார்க்கிறான் என்று வழி முழுக்கப் பொருமினேன்.

அவர் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகவே மறுநாள் காலையில் ஒரு புதுத் துணியை எடுத்தேன். வெறும் தண்ணீரில் நனைத்து, அதே பாறையில் அதே இடத்தில் விரித்தேன். காய்ந்ததும் எடுத்து வெயிலில் பிடித்தேன். இழைகளுக்குள் மூன்று கற்கள் செருகிக்கொண்டிருந்தன. பழுப்பு நிறம், கடுகில் பாதி. உதறினேன், விழவில்லை. தண்ணீரை ஊற்றியதும் ஒன்று கழன்று துணியின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

வருஷா வருஷம் கதிர் அடித்து அந்தப் பாறையின் மேல்தோல் பொரிந்து உதிர்வது எனக்குத் தெரியாததா? கல் அரிக்காமல் எங்கள் வீட்டில் சாமையை ஒரு நாளும் உலையில் போட்டதில்லை. ஊரையே சந்தேகப்பட்ட நான் அந்தத் துணியைச் சந்தேகப்படவில்லை. மனைவியைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினேன். அவள் உள்ளே போய் மாற்றுத் துணிகளைப் பையில் வைத்தாள்.

அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் மலையிறங்கிச் சேலம் போனோம். ஸ்கேன் பார்த்தார்கள். ஊசி போட்டு இன்னொரு படமும் எடுத்தார்கள். துணுக்கு எப்போதோ நழுவி வந்து சிறுநீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போடவாவது ஏதாவது கிடைத்திருக்கும்.

“கல்லை எடுத்துரலாமுங்க. ஆனா அந்தக் கிட்னி வீங்கிக் கெட்டுப்போச்சு. இனி வேலை செய்யாதுங்க. மூணாம் மாசமே வந்துருந்தா காப்பாத்தியிருக்கலாம்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் போனாள்.

“இன்னொன்னு நல்லா இருக்குதுங்களா?”

“இப்போதைக்கு நல்லா இருக்குதுங்க. அதை நாம பத்திரமாப் பாத்துக்கோணும்.”

“ஒருவேளை நாளைக்கு அதுவும் போயிருச்சுன்னா, என்னோடதுல ஒன்னை எடுத்து இவருக்கு வெக்க முடியுமுங்களா?”

டாக்டர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் வெட்கம் தாங்காமல் அழுதுகொண்டிருந்தேன்.