வேட்டியோடு இறங்கிய அலைக்குளம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஒற்றை டீசல் எஞ்சினை வைத்துப் பிழைக்கத் தொடங்கி நெல் மில், இரண்டு லாரி, தஞ்சாவூரில் மாடி வீடு என்று கட்டியவன். எதற்கும் அசராத நான், இந்தத் தண்ணீர்ப் பூங்காவில் அலைக்குளத்தை நோக்கி ஓடுகிறேன்.

குளத்துக்குள் பேத்தி அலறுகிறாள். அவள் பாதம் வடிகால் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகன் பிடித்து இழுக்கிறான். பம்புசெட் உறிஞ்சும் வேகம் எனக்குத் தெரியாதா?

"இழுக்காதடா! தம்பி, மோட்டாரை நிறுத்துங்க!" என்று கரையில் நிற்கும் காவலாளியைப் பார்த்துக் கத்திக்கொண்டே குதிக்கிறேன்.

"பெரியவரே, வேட்டியோட இறங்கக்கூடாது!" என்கிறார் அவர்.

"புள்ள போயிடும்யா, நிறுத்து!"

மோட்டார் நின்றதும் பாதம் விடுபடுகிறது. பேத்தி என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். அதற்குள், தங்கள் ஊழியர்களே குழந்தையைக் காப்பாற்றியதாக மேலாளர் மைக்கில் அறிவிக்கிறார்.

சொட்டச் சொட்ட அவர்முன் போய் நிற்கிறேன்.

"நிறுத்தச் சொன்னது நான். அதையும் அதே மைக்குல சொல்லுங்க."