ரோஸ் கலர் பிறந்தநாள்

நான் பிறந்தது தை மாதம். எங்கள் வீட்டில் எனக்கு ஒரே ஒரு தடவைதான் பிறந்தநாள் கொண்டாடினார்கள். அது ஆவணியில். ஏன் ஆவணி என்று கேட்டதற்கு, நல்ல நாள் பார்த்துத்தான் வைத்திருக்கிறது, வாயை மூடு என்றாள் அம்மா. கல்யாணத்துக்குத்தான் நாள் பார்ப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பிள்ளைப்பாக்கத்தில் அப்போது யாரும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. யோசனை மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர், மெட்ராஸில் ஒரு பெரிய அதிகாரியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுத் தோட்டத்தில் நடந்த பிறந்தநாளில் உடுத்தியது, தின்றது, குடித்தது எல்லாமே ஒரே நிறமாம். நம் வீட்டிலும் அப்படியே செய்துவிடலாம், ரோஸ் கலர் என்று சொல்லிவிட்டார். எங்கள் தோட்டம் என்பது வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, மாட்டுக்கொட்டகை, இரண்டு முருங்கை மரம். அவ்வளவுதான்.

வருகிற பெண்கள் எல்லோரும் ரோஸில்தான் வர வேண்டும் என்று மாமா சட்டம் போட்டார். இல்லாதவர்களுக்காக அம்மா சுங்குவார்சத்திரத்திலிருந்து சாயப் பொட்டலம் வாங்கிவரச் சொல்லி அண்டாவில் கரைத்தாள். பக்கத்து வீட்டுப் புடவைகளும் என் வெள்ளைப் பாவாடையும் அதில் முங்கி எழுந்தன. அப்பாவின் வேட்டி ஒன்றும் தவறிப்போய் உள்ளே விழுந்து ரோஸாக வந்தது. அப்பா கோபப்படவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

புதுப்புடவை வந்தது அத்தைக்கு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, காஞ்சிபுரத்தில் டீச்சர் டிரெய்னிங் படிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தவள். பிறந்தநாள் எனக்கு, புதுப்புடவை அவளுக்கா என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, அப்பா அவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"இந்த ஒரு வாட்டி நான் சொல்றத கேளு. இதுவும் ஆவலன்னா அப்பறம் உன் இஷ்டம்."

என் பிறந்தநாள் ஆகாமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் தோட்டமே ரோஸாக இருந்தது. வியர்வையில் சாயம் இறங்கி, பெண்கள் கைகளெல்லாம்கூட ரோஸ். ஒரகடம் பக்கத்திலிருந்து, நான் பார்த்தேயிராத ஒரு அம்மாளும் ஒரு மீசைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார்கள். மாமாவுக்குத் தெரிந்தவர்களாம். கேக்குக்குப் பதிலாகத் தாம்பாளத்தில் ரோஸ் கேசரி. நடுவில் மெழுகுவத்தி. அதை ஊதி அணைக்க வேண்டும் என்றார் மாமா. வீட்டில் ஏற்றிய விளக்கை அணைப்பதா என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். கடைசியில், நான் ஊத வேண்டும், ஆனால் அணையக் கூடாது என்று முடிவாயிற்று. எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு சோதனை வரக்கூடாது. மிகவும் மெதுவாக ஊதினேன். வந்திருந்தவர்களில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. நான்கு பேரும் சமையற்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாசலில் பக்கத்து வீட்டு அக்கா ரோஸ்மில்க் தட்டோடு வந்தாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா எழுந்து எதையோ சொல்ல வாயெடுத்தார், சுற்றி இருந்த தெரு ஜனங்களைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அக்கா பாட்டுக்குச் சிரித்த முகமாக ஒவ்வொருவருக்கும் டம்ளரை நீட்டினாள். ஒரகடத்து அம்மாள் அவளை நிறுத்தி என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டாள். அத்தையோ கிணற்றடியில் எங்களோடு உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லைக்கூடத் தவற விடவில்லை.

மறுநாள் காலையில் கல்யாணத் தரகர் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார்.

"ரோஸ்மில்க் எட்த்தாந்த பொண்ணு ரொம்ப புட்சிப்போச்சாம். அதையே முடிச்சிடலாம்ன்றாங்க."

அப்புறம் பெரியவர்கள் போட்ட சத்தத்தில்தான் எனக்குப் பாதி விஷயம் தெரிந்தது. அத்தையை ஏற்கெனவே மூன்று தடவை பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தெருவே துக்கம் விசாரித்தது. அதனால் இந்தத் தடவை தெருவுக்குத் தெரியாமல் பார்க்க வைப்பதற்குத்தான் என் பிறந்தநாள். அத்தை மட்டும் பளிச்சென்று தெரியக் கூடாதென்றுதான் எல்லோருக்கும் ரோஸ். யார் ரோஸ்மில்க் கொண்டுவருகிறாளோ அவள்தான் பெண் என்று தரகர் சொல்லி வைத்திருக்கிறார். தட்டு கை மாறியதும் அப்பாவால் அதைச் சபையில் சொல்ல முடியவில்லை. சொன்னால் ரகசியம் போய்விடும்.

அது எங்கள் வீட்டுப் பெண் இல்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அப்படியானால் அந்தப் பெண் யார் வீடு என்று கேட்டு ஒரகடத்திலிருந்து பதில் வந்தது. பக்கத்து வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

தட்டை ஏன் அவளிடம் கொடுத்தாய் என்று அப்பா அத்தையைக் கேட்டார்.

"கை நடுங்கிச்சிண்ணா. மேல கொட்டிடுவனோன்னு பயந்துட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள் அத்தை. நடுங்குகிற கையால் எப்படி அஞ்சாங்கல் ஆடினாள் என்று நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாட்டுக்கொட்டகையில் பார்த்தால், அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். முந்தானையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"உங்கப்பாகிட்ட போயி, அத்தை அழுதுகினு கீதுன்னு சொல்லு, போ" என்று என்னைத் தள்ளினாள்.

சிரிக்கிறவளை அழுகிறாள் என்று எப்படிச் சொல்வது? குழம்பிக்கொண்டே போனேன். அப்பாவின் முன்னால் நின்றதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அழ வேணான்னு சொல்லு. நாளைக்கே காஞ்சிபுரம் போயி அந்த டிரெய்னிங்கு விசாரிச்சிகினு வரேன்."

அத்தையை நினைத்து எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கல்யாணமும் நின்றுபோய், பள்ளிக்கூடத்துக்கும் போகச் சொல்கிறார்களே, ஒருத்திக்கு எத்தனை கஷ்டம்தான் வரும் என்று, தரையில் உட்கார்ந்து பெரிதாக அழ ஆரம்பித்தேன்.