கெட்டியான விசை

புது கேஸ் லைட்டரை அழுத்த முடியவில்லை என்று மருமகள் அலுத்துக்கொண்டாள். அழுத்துகிற வேகத்தில் கை ஆடி, பொறி அடுப்புக்கு வெளியே தெறித்தது.

அய்யாவின் தோட்டாத் துப்பாக்கியும் இப்படித்தான். கறம்பக்குடிப் பக்கம் எங்கள் கடலைக்கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கும். அய்யா பல்லைக் கடித்துக்கொண்டு விசையை இழுப்பார். குழல் ஆடும், ரவை வரப்பு மண்ணைத்தான் கிளப்பும்.

"பன்னிக்குப் போடவா வெள்ளாமை வச்சோம்?" என்பாள் ஆத்தா.

ரோஷத்தில் அய்யா கொல்லரிடம் கொடுத்து விசையை இளக்கி வாங்கிவந்தார்.

மறுநாள் விடியலில் ஆத்தா தகரத்தைத் தட்டிப் புதரைக் கலைத்தாள். அய்யா விசையில் விரலை வைத்தார், அவ்வளவுதான், வெடித்துவிட்டது. ஆத்தாவின் தலைக்கு மேலே பனையோலை கிழிந்து தொங்கியது. எங்கும் மருந்து நெடி. தகரத்தைக் கீழே போடாமலே அவள் சொன்னாள்:

"பன்னி அங்கிட்டு ஓடுதுங்க."

அய்யா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே கொல்லரிடம் போய் விசையைப் பழையபடி கெட்டியாக்கிக்கொண்டு வந்தார். அந்த வருசக் கடலையில் பாதி பன்றிக்குப் போனது. ஆத்தா ஒரு வார்த்தை பேசவில்லை.

"கடையில குடுத்து வேற மாத்திட்டு வரவா அத்தை?" என்றாள் மருமகள்.

"வேணாம்மா, கெட்டியாவே இருக்கட்டும்" என்றேன்.