பாக்கி ஒரு ஓட்டு

தேர்தல் வந்துவிட்டால் கடிகாரக்காரருக்குத் தலைகால் புரியாது. மற்ற நாட்களில் கடையில் குனிந்த தலை நிமிராமல் பல்சக்கரங்களோடு மல்லுக்கட்டும் மனிதர், அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கட்சி வேலைக்குக் கிளம்பிவிடுவார். இந்த முறை வேட்பாளரே தோளில் கைபோட்டு, அவர் குடியிருக்கும் தெருவை அவரை நம்பித்தான் விட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். போதாதா? நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஒன்றுகூட விடுபடாது, தன் வீட்டு ஓட்டு இரண்டும் நம் பெட்டியில்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு பெயர் விடுபட்டாலும் இனி கட்சி ஆபீஸ் பக்கம் தலைகாட்ட முடியாது.

காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் மேசை போட்டு, வாக்காளர் பட்டியலை விரித்தார். பேனா எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும். தன் கைராசியில் அவருக்கு அபார நம்பிக்கை. தன் பெயருக்கு எதிரிலேயே முதல் டிக்கைப் போட்டுக்கொண்டார். எப்படியும் போடப்போகிற ஓட்டுதானே.

அப்புறம் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு ஏறி, கைகூப்பி, ஒரே பாட்டுதான்: "யாருக்குன்னு சொல்ல வேண்டாம், வந்து போட்டாப் போதும்." மாடியில் இருக்கும் மூட்டுவலிக்காரரை நாற்காலியோடு இறக்கினார். கைவேலை முடியாமல் வரமாட்டேன் என்ற சலவைக்காரருக்கு ஒத்தாசையாக இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து, யாருடைய சட்டைக் காலரையோ கருக்கினார். சலவைக்காரர் அதற்குமேல் பொறுக்காமல் உடனே கிளம்பிவிட்டார்.

மாலையில் பட்டியலைப் பார்த்தால், டிக் விழாத பெயர் ஒன்றே ஒன்று. அவர் மனைவி. பக்கத்து வீட்டுக்காரியிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பியும், வேலையாக இருப்பதாகவே பதில் வந்தது. ஆறு மணிக்கு வாக்குச்சாவடிக் கதவை மூடிவிடுவார்கள். ஊரைக் கூட்டியவனுக்குச் சொந்த வீட்டில் இந்த மரியாதையா என்று பொருமிக்கொண்டே இரண்டு மாடி ஏறினார்.

மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் போட்ட சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மத்த வீட்டுக்கெல்லாம் வாசல்ல போய் நின்னு கூப்பிட்டீங்க. எனக்கு மட்டும் ஆள்விட்டுச் சொல்லி அனுப்புவீங்களோ?"

கட்சிக்காக எதையும் செய்பவர் அவர். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றார். கைகூப்பினார். "ஓட்டு போட வாங்கம்மா. யாருக்குன்னு சொல்ல வேண்டாம், வந்து போட்டாப் போதும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இடதுகை விரலைத் தூக்கிக் காட்டினாள். அதில் மை நன்றாகக் காய்ந்திருந்தது. அவர் காலரைக் கருக்கிக்கொண்டிருந்த நேரத்திலேயே அவள் போய்ப் போட்டுவிட்டு வந்துவிட்டாளாம். அவருக்குக் கோபம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். கூப்பிய கையை இறக்கவும் மறந்துபோனார். அவள் பார்வை அந்தக் கையிலேயே நின்றது.

"ஆமா, உங்க விரல்ல மையைக் காணோமே?"

அவர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனா மைதான் இருந்தது. பதறிப்போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது நின்று மூன்று மாதமாகிறது, இன்றைக்குப் பார்க்கிறேன், நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். அவள் போனைப் பார்த்து, இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்றாள். மடித்த துணியைப் போட்டது போட்டபடி, அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வரிசையில் கடைசி ஆளாக அவர் நுழைந்ததும் பின்னால் கதவைச் சாத்தினார்கள். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவர், தெருமுனை மேசையருகே காத்திருந்த மனைவியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நம்ம சின்னத்துக்குத்தானே போட்டே?"

"யாருக்குன்னு சொல்ல வேண்டாம்னு தெரு முழுக்கச் சொன்னது நீங்கதானே?"

அந்த நேரம் பார்த்து வேட்பாளரிடமிருந்து போன் வந்தது. நூற்றுப் பன்னிரண்டும் வந்து சேர்ந்துவிட்டது என்று கடிகாரக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். உங்கள் வீட்டு ஓட்டு இரண்டும் நமக்குத்தானே என்று வேட்பாளர் கேட்டார். கடிகாரக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே நிதானமாக ஒரு டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு நிச்சயம்ங்க" என்றார்.