பதினேழாம் படுக்கை

பதினாறாம் படுக்கைப் பெரியவரின் காலடியில் நின்று, காய்ச்சல் எத்தனை, மூத்திரம் எவ்வளவு என்று காலை நர்ஸ் ஒப்பித்து முடித்ததும் ஷைஜா கொண்டையில் செருகியிருந்த பேனாவை உருவினார். மதிய டூட்டிக்கு வந்து நின்ற அஞ்சுவைப் பார்த்து, "செரி மக்கா, இனி பதினேழு" என்றார்.

அந்த வார்டில் இருப்பதே பதினாறு படுக்கைகள். நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

அஞ்சு மூச்சு விடாமல் சொன்னாள்: "மூணு மணிக்கூர் ஒறக்கம். பிள்ளைக்கு ராத்திரி முழுக்க சளி. காலத்த ஒரு தோசை. தல கனமா இருக்கு அக்கா."

"அப்ப இண்ணைக்கு மருந்து டிராலியத் தொடாண்டாம். பெட்ஷீட் மாத்து, பிரஷர் பாரு. ஊசி சிவபிரசாத் போடட்டு."

எனக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. பைக்கில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்ட மச்சினன் நாராயணபெருமாளுக்குத் துணையாக ஒரு வாரமாக அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நோயாளி வலியில் முனகிக்கொண்டிருக்க, இவர்கள் நின்று தோசைக் கதை பேசுகிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது. கேட்டும் விட்டேன். ஷைஜா கோபப்படவில்லை. "அண்ணே, ஒங்க மச்சினனுக்கு ஊசி போடுக கை, நல்லா ஒறங்கின கையா இருக்காண்டாமா?" என்றார்.

ஷைஜாவுக்கு நாற்பது வயது இருக்கும். புதுக்கடைப் பக்கம் வீடு. தக்கலையைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் இந்தத் தனியார் மருத்துவமனையில் வார்டு பொறுப்பு நர்ஸ். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். நடையா ஓட்டமா என்று தெரியாத ஒரு நடை. நோயாளிகள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நாலு, ஏழு, பதினொண்ணு என்று படுக்கை எண்தான். வீட்டில் மாமியாரைக்கூட ஒருநாள் "ரெண்டு சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாராம். எதற்கெடுத்தாலும் "சவத்த விடு" என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம்தான். ஆனால் வார்டு நடுவே அதைக் கேட்டு நாலாம் படுக்கைக்காரர் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுக் கண் விழிப்பார்.

பதினேழாம் படுக்கை வந்த கதையை அவரே சொன்னார். கொரோனா காலத்தில் தன்னோடு வேலை பார்த்த ஒரு பெண் ஒருநாள் டூட்டி நடுவே ஊசியைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்து போய்விட்டாள். பிறகு வரவே இல்லை. "பதினாறு பேருக்க பிரஷரையும் பாத்தோம். அவளுக்க மொகத்த ஒருத்தியும் பாக்கல அண்ணே. இப்ப ஜவுளிக்கடைல நிக்கா." அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு: பதினாறு நோயாளிகளுக்குப் பிறகு நர்ஸ்தான் பதினேழு. வருகிறவளும் சொல்ல வேண்டும், போகிறவளும் சொல்ல வேண்டும். உறக்கம், சாப்பாடு, மனசில் கிடப்பது. அழுகை வந்தால் துணி அலமாரி அறையில் கால் மணி நேரம். அந்த நேரத்தில் யாரும் கதவைத் தட்டக் கூடாது.

எல்லாம் சரி. ஆனால் தன் முறை வரும்போது மட்டும் அம்மணி கள்ளத்தனம் செய்வார். "பதினேழு நார்மல்." தினமும் இதே பாட்டு. அந்த மாதம் இரண்டு நர்ஸுகள் கல்ஃபுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களுக்கு முறையாக விடுப்பைக் கொடுத்துவிட்டு, ஓட்டையை எல்லாம் தன்னை வைத்தே அடைத்துக்கொண்டிருந்தார். கூடப் படித்த சஜிதாதான் மதியப் பொறுப்பு. அவர் மட்டும் சீறுவார்: "ஏட்டி, ஒனக்க நார்மல நீயே வச்சுக்க. உள்ளதச் சொல்லு." இவர், "சவத்த விடு சஜிதா, வார்டுல ஆளு இல்ல" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

ஏழாம் நாள் காலை மச்சினனை ஒன்பதிலிருந்து ஆறுக்கு மாற்றினார்கள். ஒன்பதில் மின்விசிறி கடகடத்தது. ஆறில் இருந்த சர்க்கரை நோயாளி முந்தின சாயங்காலம்தான் வீட்டுக்குப் போயிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஷைஜா கையில் இன்சுலினோடு வந்தார். "ஆறு, சட்டையத் தூக்கும்." வயிற்றில் பஞ்சை வைத்துத் துடைத்தாயிற்று. மச்சினன் சிப்ஸ் கடைக்காரன், வாய் சும்மா இருக்காது. "எனக்கு சுகர் எப்ப சிஸ்டர் வந்து? ஆரும் சொல்லவே இல்லியே!"

ஷைஜாவின் கை அப்படியே நின்றது. அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். ஊசியைக் கொண்டுபோய் ஊசிப் பெட்டியில் போட்டார்.

சர்க்கரை இல்லாதவன் உடம்பில் அந்த மருந்து போயிருந்தால்! கத்தப் போனேன். அவர் முந்திக்கொண்டார். "அண்ணே, இது எனக்க தப்பு. மருந்து உள்ள போகல. நான் டாக்டர்ட்ட சொல்லி, எழுதியும் குடுக்கேன்." சொன்னபடி செய்தார். டாக்டர் வந்து சோதித்து, ஒன்றுமில்லை என்று தலையசைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மச்சினன் சோற்றைப் பிசையத் தொடங்கிவிட்டான்.

ஒரு மணிக்கு சஜிதா வந்தார். ஷைஜா ஒன்று முதல் பதினாறு வரை ஒப்பித்தார். ஆறின் முன்னால் நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கடைசியில் சஜிதா, "பதினேழு?" என்றார்.

ஷைஜா சுவரைப் பிடித்துக்கொண்டார். "பதினேழு நார்மல் இல்ல. பதினோரு நாளாச்சு லீவு எடுத்து. கண்ண மூடினா மானிட்டர் சத்தம் கேக்கு. ஆறுல ஆளு மாறினது எனக்கு ஓர்ம இல்ல. மொகத்தப் பாக்காம நம்பரப் பாத்தேன். எனக்குப் பேடியா இருக்கு சஜிதா, ஊசியத் தொடவே பயமா இருக்கு."

அழுதார். வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்பாடா, சொல்லிவிட்டாரே என்றுதான் இருந்தது.

சஜிதா நேரே போனை எடுத்து மேட்ரனிடம் பேசினார். "ஷைஜாக்கு நாலு நாளு லீவு வேணும் மேடம். ஆளு நீங்க தரணும். இல்லெங்கி நாளைக்கு இங்கன ரெண்டு பேரு கொறயும்." அரை மணி நேரத்தில் மேல்மாடியிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கி வந்துவிட்டார். இதை முன்னமே செய்திருக்கலாமே என்று எனக்கு மறுபடி எரிச்சல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"எனக்க வாயினால லீவு கிட்டிச்சு. மறக்கப்பிடாது சிஸ்டர்" என்றான் மச்சினன். மூக்கை உறிஞ்சியபடியே சிரித்துவிட்டார் ஷைஜா. மருந்து அலமாரிச் சாவியை சஜிதாவின் கையில் வைத்து, அவர் விரல்களைத் தானே மூடிவிட்டுப் புறப்பட்டார்.

சாயா குடிக்க நான் கீழே இறங்கியபோது அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றார். புதுக்கடை பஸ் வந்தது, படியில் ஆள் தொங்க. "கேறு, கேறு" என்று நடத்துனர் அவசரப்படுத்தினார். ஷைஜா கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், உட்கார இடமில்லை. காலை எடுத்துக்கொண்டு, "நீங்க போங்க அண்ணே, நான் அடுத்ததுல இருந்து வாறேன்" என்று நடத்துனருக்குக் கையசைத்தார். பஸ் போனதும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி விட்டு, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.